தோள்பட்டைக் கறியும் கரி அடுப்பும்

மே 8, வியாழன்

சனிக்கிழமை இரவு மாட்டிறைச்சி சுடுவது என்று முடிவாகிவிட்டது. எந்தத் துண்டு என்பதில்தான் யோசனை ஓடியது. மிருது வேண்டுமென்றால் எல்லோரும் சொல்வது டெண்டர்லாயின், அதாவது அண்டர்கட். முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் கிடக்கும் தசை அது. மாடு நடக்கும்போது அதற்குப் பெரிய வேலை இல்லை, அதனால் மெத்தென்று இருக்கும். ஆனால் கொழுப்பு குறைவு, ருசியும் கொஞ்சம் மெலிவு. நன்றாக உழைக்கும் தசையில் ருசி அதிகம். கூடவே சவ்வும் அதிகம் என்பதால் மென்று மாளாது. மிருதுவும் ருசியும் ஒத்துப்போகும் துண்டு அபூர்வம்.

அந்த அபூர்வம்தான் ஃப்ளாட் அயர்ன். தோள்பட்டை எலும்பின் மேல் படிந்திருக்கும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசை. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் நெப்ராஸ்கா, ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாட்டின் தோள், பின்தொடைத் தசைகளைத் தனித்தனியாகப் பிரித்து, எது எவ்வளவு மிருது என்று சோதித்தார்கள். பெரும்பாலும் கொத்துக்கறிக்கும் நெடுநேரம் வேகவைக்கவும் போய்க்கொண்டிருந்த தோளுக்குள், டெண்டர்லாயினுக்கு அடுத்த இடத்தில் நிற்கும் மிருதுவான தசை இருப்பது அப்போதுதான் பரவலாகத் தெரியவந்தது. எனக்கு இது டெண்டர்லாயினை விடவே உசத்தி. தசைக்குள் வெள்ளை இழைகளாக ஓடும் கொழுப்பு இதில் தாராளம், சுடும்போது உருகி ருசியைக் கூட்டுவது அதுதான்.

மே 9, வெள்ளி

இந்தத் துண்டுக்கு ஒரே ஒரு வில்லங்கம் உண்டு. தசையின் நடுவே, நீளவாக்கில், தடித்த சவ்வு ஒன்று தகடு மாதிரி ஓடுகிறது. சவ்வு என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற கெட்டியான புரதம். அது கரைந்து ஜெலட்டினாக மாற ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்காக இருக்க வேண்டும். கரி அடுப்பில் பத்து நிமிடம் சுட்டால் அது அப்படியே ரப்பராக நிற்கும். ஆகவே கத்தியைச் சவ்வின் மேல் படுக்கவைத்து, மேல் பாதியையும் கீழ் பாதியையும் தனித்தனியாக உரித்து எடுத்துவிட வேண்டும். மீன் தோலை உரிப்பதற்குத் தேவைப்படும் அதே பொறுமை. வெட்டிக் கொடுப்பவரிடமே சொல்லிச் செய்துகொள்ளலாம். குறுக்குவாக்கில் வெட்டி வாங்கினால் ஒவ்வொரு துண்டின் நடுவிலும் அந்தக் கோடு வந்துவிடும், சுடுவதற்கு அது சரிப்படாது.

உரித்ததும் உப்பு. கறி எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது ஒரு கிலோவுக்கு 10 கிராம். உப்பு போட்ட சில நிமிடங்களில் மேலே நீர் கோத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அடுப்பில் போட்டால் கறி சிவக்காது, ஆவியில் வேகும். அப்படியே விட்டால் உப்பைக் கரைத்துக்கொண்டு அந்த நீர் திரும்ப உள்ளே போகும். இரவு முழுவதும் கம்பித் தட்டின் மேல், மூடாமல் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். உப்பு உள்ளே இறங்கவும் மேல்பக்கம் காயவும் இது ஒன்றே போதும். வேறு மசாலா எதுவும் வேண்டாம். ருசி கறியிலேயே இருக்கும்போது அதை மூடி மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

மே 10, சனி

மாலை வெளியில், திறந்த இடத்தில் அடுப்பு மூட்டினேன். கரி அடுப்பை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

கரி மேல் சாம்பல் பூத்ததும் எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஒரு பாதி கடும் சூடு, மறு பாதி மிதமான சூடு. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் கறியை நகர்த்த இடம் வேண்டும். முதலில் மிதமான பக்கத்தில் வைத்து மூடியைப் போட்டேன். கறியின் நடுவில் தெர்மாமீட்டர் 45 டிகிரி காட்டியதும் கடும் சூட்டுக்கு மாற்றி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை இடுக்கியால் புரட்டிக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு தடவைதான் திருப்ப வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அடிக்கடி திருப்பினால் சூடு இரு பக்கமும் சீராக ஏறும், ஓரம் வறளாது, வேலையும் சீக்கிரம் முடியும்.

மேலே அந்தப் பழுப்பு நிறமும் மணமும் வர, மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியிலேயே நின்றுவிடும். நேற்றிரவு காயவைத்ததன் பலன் இங்கேதான் தெரிந்தது. போட்டதும் சடசடவென்று சத்தம், கொஞ்ச நேரத்திலேயே நிறம்.

52 டிகிரியில் எடுத்துவிட்டேன். தட்டில் இருக்கும்போதே உள்சூடு இன்னும் சில டிகிரி ஏறும். 55-ஐ ஒட்டி நின்றால் நடுப்பகுதி இளஞ்சிவப்பாகச் சாறோடு இருக்கும். 65-ஐத் தாண்டினால் தசைப் புரதங்கள் இறுகி நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். தம்பிக்கு இளஞ்சிவப்பு பிடிக்காது என்பதால் அவன் துண்டை மட்டும் 63 வரை விட்டு எடுத்து, மூன்று நிமிடம் ஆறவைத்தேன். முழுத் துண்டுக்கு அமெரிக்க வேளாண் துறை பாதுகாப்பு அளவாகச் சொல்வதும் அதுதான். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

அப்புறம் வெட்டுவது. கறியில் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே, மெல்லிய துண்டுகளாக. நாரின் திசையிலேயே வெட்டினால் நீள நார்களைப் பல்தான் அறுக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய மிருது கடைசிக் கத்தி வெட்டில் போய்விடும். மிளகை இப்போதுதான் தூவினேன், தீயில் போட்டால் கருகிக் கசக்கும்.

அம்மா முதல் துண்டை வாயில் போட்டுவிட்டு, "பல்லுக்கு வேலையே இல்லையே" என்றார். எனக்கு அது போதும்.

மே 11, ஞாயிறு

தட்டில் தேங்கிய சிவப்பைப் பார்த்து ரத்தமா என்று தம்பி கேட்டான். ரத்தம் பெரும்பாலும் மாட்டை அறுக்கும்போதே வடிந்துவிடும். இது மயோகுளோபின், தசைக்குள் ஆக்ஸிஜனைத் தேக்கிவைக்கும் புரதம், நீரோடு சேர்ந்து வெளியே வருகிறது. உழைக்கும் தசையில் அது கூடுதல், தோள்கறி அடர்சிவப்பாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

மிச்சத்தைச் சூடாக்கவில்லை. திரும்பச் சூடேற்றினால் நேற்று 55-இல் நிறுத்தியது வீணாகிவிடும். குளிர்ந்தபடியே இன்னும் மெல்லிசாகச் சீவி, வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சாப்பிட்டோம்.

மே 17, சனி

மழை. கரி மூட்ட வழியில்லை. அதே துண்டு, அதே உப்பு, கனமான இரும்புச் சட்டி. எண்ணெய் லேசாகப் புகையும்வரை காயவைத்துப் போட்டேன். நிறம் கரி அடுப்பை விடச் சீராகவே வந்தது, பரப்பு முழுவதும் இரும்பில் படுகிறது அல்லவா. புகை மணம் மட்டும் இல்லை. சொட்டும் கொழுப்பு தணலில் விழுந்து புகையாகித் திரும்பக் கறியில் ஏறுவது சட்டியில் நடக்காது. மழை விட்டதும் மறுபடி கரிதான்.