ஈறு வீங்கிய அந்தப் பத்து நாள்

சித்திரை வெயிலில் கோபியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்றே முக்கால் வயது. எச்சில் ஒழுகியதால் பல் முளைக்கிறது என்று நினைத்தேன். "சூட்டுக் காய்ச்சலுங் கண்ணு, இளநீர் குடு" என்றார் அம்மா. மருந்துக்கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக்கையும் இரண்டு வேளை ஊற்றினேன். வைரஸுக்கு அது கேட்காது என்று அப்போது தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வாய் திறந்து அழுதபோதுதான் பார்த்தேன். ஈறு செக்கச்செவேலென்று பல்லை மூடுகிற மாதிரி வீங்கிக் கிடந்தது. விரல் பட்டாலே ரத்தம். நாக்கிலும் உதட்டின் உள்பக்கமும் சின்னச் சின்னப் புண்கள்.

அன்றே ஈரோட்டுக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் முதலில் கேட்டது, "காய்ச்சல் என்னைக்குங்க ஆரம்பிச்சுது?" என்றுதான். இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 என்ற வைரஸால் வருவது என்றார். முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் அதற்கான அசைக்ளோவிர் மருந்து நன்றாக வேலை செய்யுமாம். பெயரைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. குழந்தைகளுக்கு எச்சில், முத்தம் வழியாகச் சாதாரணமாக வருவதுதான் என்று பொறுமையாகச் சொன்னார். கை, கால், வாய் நோயிலும் வாய்ப்புண் வரும். ஆனால் ஈறு இப்படி வீங்காது, உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் தெரியும் என்றார்.

மருந்தைவிடப் பெரிய பாடு, தண்ணீர் குடிக்க வைப்பதுதான். அரிசியும் பருப்பும் என்றால் உயிரை விடுகிறவள், கரண்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எடைக்குத் தகுந்த பாராசிட்டமால் கொடுத்து அரைமணி நேரம் கழித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் கன்னத்து ஓரமாக ஐந்து மில்லி ஐந்து மில்லியாக விட்டேன். ஆறவைத்த ராகிக் கஞ்சி, குளிர்ந்த பால், உப்பு சர்க்கரைக் கரைசல் இறங்கின. புளித்த மோரும் ஆரஞ்சுச் சாறும் எரிந்தன. எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் உடனே தூக்கிவரச் சொல்லியிருந்ததால் ராத்திரியெல்லாம் ஜட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அவள் விரல் சூப்புவாள். விரலிலும் கண்ணிலும் தொற்று ஏறலாம் என்றதால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தோம். ஏழாம் நாள் புண் ஆறத் தொடங்கியது, பத்தாம் நாள் ஈறு வடிந்தது.

வைரஸ் நரம்பில் தங்கிவிடும், பின்னாளில் உதட்டோரம் கொப்புளமாக எட்டிப் பார்க்கலாம். அம்மாவுக்கும் எப்போதாவது அப்படி வரும். இப்போது வந்தால், அது காய்கிறவரை பேத்திக்கு முத்தம் கொடுப்பதில்லை.