கணுக்காலைக் காப்பது எது?

சிப்பி ஓட்டை மிதித்தால் வலி உறைக்கும் முன்பே கால் மேலே வந்துவிடும். மூளைக்குச் சேதி போகுமுன் தண்டுவடமே முடிக்கும் வேலை இது. அதே கணத்தில் மற்றக் கால் விறைத்து உடல் எடையைத் தாங்கிக்கொள்ளும். அற்புதமான ஏற்பாடுதான். ஆனால் இதை நம்பி, கணுக்கால் பிசகாமலும் உடம்பே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது.

பாதம் உள்பக்கமாக மடங்கும்போது அதை இழுத்து நிறுத்த வேண்டியவை, காலின் வெளிப்பக்கமாக இறங்கி, கணு எலும்புக்குப் பின்னால் வளைந்து பாதத்துக்குப் போகும் இரண்டு தசைகள். மடங்குவதை உணர்ந்து அவை விழித்துக்கொள்ளவே ஏறக்குறைய 60 முதல் 80 மில்லி விநாடி ஆகும். முழுப் பலத்தோடு இழுக்க இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். அதற்குள் எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் இணைப்பு நார் கிழிந்துவிடலாம். முதலில் போவது பெரும்பாலும் வெளிக்கணுவுக்கு முன்புறம் இருக்கும் நார்தான்.

ஆகவே பெரிய காவல் கால் தரையில் படுவதற்கு முன்பே நடக்கிறது. எவ்வளவு ஆழம், என்ன தரை என்று கண் சொன்னதை வைத்து மூளை அந்தத் தசைகளை முன்கூட்டியே இறுக்கி வைக்கும். கணிப்பு தவறினால் காவலும் தவறும். பாம்பன், மண்டபம் பக்கம் கலங்கிய தண்ணீரில் வத்தை என்னும் சிறு படகை விட்டுக் குதிக்கும்போது அடியில் மணலா பாறையா என்று தெரிவதில்லை. இருட்டிலும், வலை இழுத்துக் களைத்த காலிலும் இதே நிலைதான். குதிக்காதீர்கள். விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலை லேசாக மடக்கி, ஒரு காலால் தரையை அழுத்திப் பார்த்த பிறகே எடையை இறக்குங்கள்.

பிசகிவிட்டால் முதல் இரண்டு நாள் உருவி விட வேண்டாம். உள்ளே கசிவு கூடும். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். நாரோடு அதிலுள்ள உணர்வு நரம்பு முனைகளும் சேதமாவது, பிசகிய கால் மறுபடி மறுபடி பிசக ஒரு காரணம். வீக்கம் வடிந்து, வலியில்லாமல் ஊன்ற முடிந்ததும் ஒற்றைக் காலில் 30 விநாடி, மூன்று தடவை நில்லுங்கள். அது எளிதானதும் சுவரோரமாகக் கண்ணை மூடிக்கொண்டு. அதன் பிறகு மணலில். ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும்.

நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ சுளுக்கு எடுப்பவரிடம் போகாமல் முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.