உள்ளங்கை அகல வலி

இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வு முடிந்த மறுநாளே ஓட ஆரம்பித்தேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும். 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. காகிதத்தில் கணக்குப் போட்டபோது அல்வா மாதிரி இருந்தது.

எட்டு மாதம் நாற்காலியிலேயே உட்கார்ந்து படித்த உடம்பு. அதைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை நாலரைக்கு பைபாஸ் தார்ரோட்டில் ஓடினேன். காலில் அண்ணனுடைய பழைய ஷூ, குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்தது. இரண்டாவது வாரமே வலி வந்துவிட்டது. முட்டிக்குக் கீழே முன்னெலும்பு இருக்கிறதே, அதன் உள்பக்க ஓரத்தில், கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் நீளத்துக்கு. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் மறைந்துவிடும், வீட்டுக்கு வந்து குளித்து உட்கார்ந்தால் திரும்ப வரும். இந்த நடுவில் மறைவதுதான் ஆளை ஏமாற்றுவது.

கிரவுண்டில் எல்லாரும் இதை 'ஷின் பெயின்' என்பார்கள். "ஓட ஓட சரியாயிடும்டா" என்றான் கூட ஓடுகிறவன். தைலம் தேய்த்தேன், கிரேப் பேண்டேஜ் சுற்றினேன், ஐஸ் பாட்டிலை உருட்டினேன். மூன்றாவது வாரம் மாடிப்படி இறங்கவே பயமாக இருந்தது.

எலும்பு டாக்டர் முதலில் எக்ஸ்ரே எழுதவில்லை. "தம்பி, எங்க வலிக்குது? ஒரு விரலால தொட்டுக் காட்டு" என்றார். என்னால் முடியவில்லை, உள்ளங்கையை வைத்துத் தடவித்தான் காட்டினேன். அவர் முகம் தெளிந்தது. கட்டைவிரலால் எலும்போரமாக அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தார். பிறகு ஒற்றைக் காலில் நொண்டியடிக்கச் சொன்னார். வலி நீளமாகப் பரவியிருந்தால் பெரும்பாலும் எலும்பைப் போர்த்திய சவ்வும் அதை ஒட்டிய பகுதியும் நொந்திருக்கும். ஒரே புள்ளியில் சுரீரென்று குத்தினால், படுத்திருக்கும்போதும் வலித்தால், மயிரிழை விரிசலைச் சந்தேகிக்க வேண்டும் என்றார். அந்த விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகுமாம், எம்ஆர்ஐயில்தான் பிடிபடுமாம்.

அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது இன்னொன்று. பாரம் கூடினால் எலும்பு முதலில் கொஞ்சம் கரைந்து, பிறகுதான் கெட்டியாகக் கட்டிக்கொள்ளுமாம். கட்டுவதற்கு நாள் கொடுக்காமல் தினமும் ஓடினால் கரைவது முந்திக்கொள்ளும். நான் ஞாயிற்றுக்கிழமைகூட ஓடியவன்.

மூன்று வாரம் ஓட்டத்துக்குத் தடை. உண்மையில் கஷ்டப்பட்டது அந்த மூன்று வாரம்தான். மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் கிரவுண்டுப் பக்கமே போகவில்லை. கிணற்றில் நீந்தினேன், சைக்கிள் மிதித்தேன், கயிறு ஏறினேன். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சி காலையும் மாலையும். பிறகு மண் தரையில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். எட்டு வைப்பதைக் குறுக்கி, வேகமாக மாற்றி வைக்கப் பழகினேன். சொந்தக் காசில் ஒரு ஷூவும் வாங்கினேன்.

"ஓட ஓட சரியாயிடும்" என்றவனுக்கு வலி ஒரு புள்ளியில் வந்து நின்றது. ஸ்கேனில் விரிசல். அந்த முறை அவனால் ஓட முடியவில்லை.

தேர்வு நாளில் உயரம் தேறியது. மார்பு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் 86 வேண்டும், அதுவும் தேறியது. ஓட்டம் 6 நிமிடம் 38 விநாடி. கோட்டைத் தாண்டி உட்கார்ந்ததும், மூச்சு அடங்குவதற்கு முன்பே, ஷூவைக் கழற்றி எலும்போரமாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். வலித்தது. உள்ளங்கை அகலத்துக்கு வலித்தது.