தொடாமல் நகர்த்துபவர்கள்

2024 ஜூன் 8, சனி

பள்ளி திறக்க இன்னும் ஒரு நாள்தான். அக்கா பையன் நாளை சாயங்காலம் கிளம்புகிறான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஸ்டார் ட்ரெக் என்ற விண்கலக் கதைகளின் முதல் தொடரில் சார்லியின் கதையைப் போட்டேன். 1966 செப்டம்பரில் வந்தது. மூன்று வயதில் விண்கல விபத்தில் தனியாகத் தப்பிய பிள்ளை. இப்போது பதினேழு வயது. அந்தக் கோளில் இருந்த தாசியர்கள், அவன் உயிர்பிழைக்க வேண்டும் என்று மனத்தால் எதையும் செய்யும் சக்தியைக் கொடுத்திருக்கிறார்கள். தன்னை ஏற்றிக்கொண்ட கப்பலின் அதிகாரி ஸ்போக்கின் சதுரங்கக் காய்களை உருக்குகிறான். பிடிக்காதவர்களைக் காணாமல் போக்குகிறான்.

"இவன்தான் வில்லனா?" என்று பையன் கேட்டான். கடைசிக் காட்சி வரட்டும் என்றேன். தாசியர்களுக்கு உடம்பே கிடையாது. திரும்ப அழைத்துப்போக வரும்போது சார்லி கெஞ்சுகிறான்: அவர்களை என்னால் தொடக்கூட முடியாது, என்னை அனுப்பாதீர்கள். அதற்கப்புறம் பையன் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் பிளேட்டோனியர்கள். 1968 நவம்பர் 22 அன்று ஒளிபரப்பான கதை. தங்கள் சூரியன் வெடிப்பதற்கு முன் தப்பி, பிளேட்டோ காலத்துக் கிரேக்கத்தில் தங்கி, பிறகு வேறு கோளுக்குப் போன கூட்டம். மொத்தம் 38 பேர். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் நடக்கிறது. கை கால்களுக்கு வேலை இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் போய்விட்டது, ஒரு சின்னக் கீறல் சீழ் பிடித்து அவர்கள் தலைவன் பார்மென் சாகக் கிடக்கிறான்.

இந்தக் கதை என்றாலே கப்பல் கேப்டன் கிர்க்கும் அதிகாரி உஹுராவும் முத்தமிடும் காட்சியைத்தான் பேசுவார்கள். எனக்கு அலெக்சாண்டர்தான். அந்த 38 பேருக்கும் நடுவில் சக்தி இல்லாத ஒரே ஆள், குள்ளமானவன், எல்லோருக்கும் எடுபிடி, எல்லோருக்கும் விளையாட்டுப் பொம்மை. நடித்தவர் மைக்கேல் டன். அவர் முகத்தில் தெரியும் பயம் நடிப்பு மாதிரியே இல்லை.

சக்திக்குச் சொல்லும் காரணம் அருமை. அந்தக் கோளின் உணவில் கைரோனைட் என்று ஒரு பொருள் இருக்கிறது. பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்தான் அதை உடைத்துச் சக்தியாக்குகிறது. அலெக்சாண்டருக்கு அந்த ஹார்மோன் குறைவு. அவன் உயரமாக வளராததற்கும் சக்தி வராததற்கும் காரணம் ஒன்றுதான். பரம்பரை உயர்வு, அறிவு, தத்துவம் என்று அவர்கள் பேசிய பேச்சு அத்தனையும் சாப்பாட்டு விஷயம்! கப்பல் டாக்டர் மெக்காய் கைரோனைட்டை ஊசியில் ஏற்றியதும் கிர்க்குக்கும் ஸ்போக்குக்கும் பார்மெனைவிட அதிக பலம் வந்துவிடுகிறது.

அலெக்சாண்டருக்கும் ஊசி போடலாம் என்கிறார்கள். வேண்டாம் என்கிறான். அவர்களில் ஒருவனாக ஆக அவனுக்கு விருப்பம் இல்லை. என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போங்கள், அது போதும் என்கிறான்.

"நான் போட்டுக்கிட்டிருப்பேன் மாமா" என்றான் பையன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

எதுவும் பார்க்கவில்லை. வேலை.

ஜூன் 15, சனி

ஸ்டார் ட்ரெக்கின் பிந்தைய தொடரான 'வாயேஜரில்' வரும் கெஸ். ஓகாம்பா இனம், ஆயுளே ஒன்பது வருஷம்தான். முன்னோர்களுக்கு மனோசக்தி இருந்திருக்கிறது. அவர்கள் கோளில் தரைக்கடியில் வைத்து ஒரு காவலன் எல்லாவற்றையும் ஊட்டி வளர்த்ததில் அது மங்கிப்போயிருக்கிறது. பிளேட்டோனியர்கள் சக்தி இருந்ததால் உடம்பை இழந்தார்கள், இவர்கள் சுகம் இருந்ததால் சக்தியை இழந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து பார்த்ததால்தான் எனக்கு இது பட்டது.

1995இல் வந்த ஒரு கதையில் கெஸ் கோப்பையில் உள்ளதை மனத்தாலேயே கொதிக்க வைக்கிறாள். பார்க்கச் சின்ன வித்தை. ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 70 கிலோ ஆளை ஒரு மீட்டர் தூக்க சுமார் 700 ஜூல் போதும். கால் லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுபோக சுமார் 78,000 ஜூல் வேண்டும். நூறு மடங்குக்கும் மேல்! ஆளைத் தூக்கி எறியும் பார்மென் இந்தச் சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில்கூட வரமுடியாது.

அதனால்தான் அடுத்த காட்சி அப்படிக் கலங்க வைத்தது. பாடம் சொல்லிக்கொடுக்கும் டூவாக்குக்கு அதைச் செய்துகாட்டப் போய், அவருடைய ரத்தத்தையே கொதிக்க வைத்துவிடுகிறாள். பிழைத்து எழுந்தவர் அவளைத் திட்டவில்லை. கெட்ட எண்ணங்களைக் கண்டு பயப்படாதே, அவையும் உன்னில் ஒரு பகுதி என்கிறார். அந்தத் தாசியர்களில் ஒருவராவது சார்லியிடம் இப்படிப் பேசியிருக்கலாம்.

ஜூன் 16, ஞாயிறு

1997இல் கெஸ் விடைபெறும் கதை. சக்தி கட்டுமீறி உடம்பே கரையத் தொடங்குகிறது. கப்பலில் இருப்பவர்களுக்கு ஆபத்து என்று தானே வெளியேறுகிறாள். போகும்போது, வெகுதூரத்தில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பும் அந்தக் கப்பலை 9,500 ஒளியாண்டு வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டுப் போகிறாள். பத்து வருஷப் பயணம் மிச்சம்.

ராத்திரி பையன் போன் செய்தான். பள்ளியில் புதுப் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறானாம், ரொம்பக் குள்ளம். வகுப்பில் சிலர் அவன் பையைப் பிடுங்கி உயரத்தில் மாட்டிவிட்டார்களாம்.

"நீ என்ன பண்ணினே?"

"எடுத்துக் கொடுத்தேன்" என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அலெக்சாண்டர் கப்பல்ல எங்க தூங்கியிருப்பான் மாமா?" என்று கேட்டான்.

கதையில் அது இல்லை. கிர்க் பக்கத்து அறையைக் கொடுத்திருப்பார் என்று சொன்னேன்.