அந்தத் திரையை யாரெல்லாம் பார்ப்பார்கள்?

நிர்வாணப் படங்கள் எடுக்கத் தொடங்கிய காலத்தில், ஒழுங்கு என்பது செட்டுக்குள் நடப்பதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். வயதுச் சான்றைப் பார்ப்பேன், படங்களை வெளியிட மாடல் சம்மதம் தரும் ரிலீஸ் படிவத்தில் கையெழுத்து வாங்குவேன், கதவைச் சாத்துவேன், இடையிடையே போர்த்திக்கொள்ள அங்கி வைப்பேன். கலைந்த முடியைச் சரிசெய்யக்கூட மாடலைத் தொட மாட்டேன். சொன்னால் அவரே ஒதுக்கிக்கொள்வார். எலாஸ்டிக் தடம் தோலிலிருந்து மறைய நேரமாகும் என்பதால் தளர்வான உடையில் வரச் சொல்வதும் உண்டு. இவ்வளவும் செய்தால் நல்ல போட்டோகிராபர் என்று நம்பினேன்.

ஒரு நாள் கேமராவை லேப்டாப்பில் கேபிள் போட்டு இணைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். க்ளிக் செய்தவுடன் படம் திரையில் பெரிதாக வரும். ஃபோகஸ் பார்க்க வசதி. இருபது நிமிடம் ஆகியிருக்கும். மாடல் அங்கியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "சார், இந்தத் திரையை வேறு யாரெல்லாம் பார்ப்பார்கள்?" என்று கேட்டார்.

யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் உறைத்தது. படங்கள் போய் விழுந்த ஃபோல்டர், தானாகவே கிளவுடுக்கு ஏறும் ஃபோல்டர். அதைத் திறக்கும் அனுமதி ஸ்டூடியோவில் இன்னும் இருவருக்கு இருந்தது. வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டவன் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டிருந்தேன்.

மறைக்காமல் சொன்னேன். ஷூட் நின்றது. இணையத்தைத் துண்டித்தேன். மேலே ஏறியவற்றை அவர் கண்முன்னே அழித்து, கிளவுடின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன் (அதில் ஒரு பிரதி தங்கிவிடும், பலர் மறப்பது இதைத்தான்). தொடரலாமா என்று நான் கேட்கவில்லை. அரைமணி கழித்து அவரே, "சரி, ஆரம்பிக்கலாம்" என்றார்.

பொறுப்பு இருவருக்கும் உண்டு என்று எங்கள் தொழிலில் அடிக்கடி சொல்வார்கள். உண்மைதான். மாடல் வயதை மறைக்கக்கூடாது, ஒத்துக்கொள்ளாத போஸை ஒத்துக்கொண்டதுபோல் காட்டிக்கொள்ளக்கூடாது. ஆனால் அது சரிபாதி என்றால் ஏற்க மாட்டேன். அந்த அறையில் உடையோடு நிற்பவன் நான். படங்களும் என்னிடம்தான் இருக்கின்றன. 'பிடிக்கவில்லை என்றால் அப்போதே சொல்லியிருக்கலாமே' என்பது நம் வசதிக்கான பேச்சு. பலர் வாயால் சொல்வதில்லை. தோள் இறுகும், பதில்கள் ஒற்றைச் சொல்லாகும். அன்று அவர் கேட்ட கேள்விகூட இன்னும் தாமதமாக வந்திருக்கலாம், அல்லது வராமலே போயிருக்கலாம்.

இப்போது படிவத்தில் சில வரிகள் கூடியிருக்கின்றன: படங்கள் எங்கே இருக்கும், முகம் தெரியலாமா, ரீடச் செய்வது, அதாவது எடுத்த படத்தைக் கணினியில் திருத்துவது யார். இந்தக் கடைசி ஆளைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அந்த உடலை மணிக்கணக்கில் பெரிதாக்கிப் பார்ப்பது நானல்ல, அவர்தான். அவர் பெயர் மாடலுக்குத் தெரிய வேண்டாமா?

சில வாரம் கழித்து, அதே மாடல் ஒரு படத்தை மட்டும் வெளியிட வேண்டாம் என்று கேட்டார். படிவத்தின்படி நான் மறுத்திருக்கலாம். அந்த ஷூட்டிலேயே சிறந்த படம் அதுதான். மெமரி கார்டு, லேப்டாப், ஹார்ட் டிஸ்க், மூன்றிலிருந்தும் அழித்தேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.