பெரியப்பாவும் போர்த்துகீசியரும்

செல்விக்கா அன்று வந்த விதமே சரியில்லை. வாளி ஒரு மூலையில் போய் விழுந்தது, விளக்குமாறு இன்னொரு மூலையில். வெளிப்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்ததற்கு, போன மாதம்தான் வீட்டில் எல்லாருக்கும் காராசேவு வாங்கிக் கொடுத்தவர்.

"முப்பத்தெட்டு வயசுல என்னை ஆயாங்குறாங்க. பிள்ளைங்க கூப்பிட்டாப் பரவால்ல. ஆட்டோக்காரன் கூப்பிடுறான், அவனுக்கே பேரன் இருக்கான்!"

"விடுடி, அது வேலையோட பேரு" என்று பெரியம்மா முடித்திருப்பார். அதற்குள் பெரியப்பா ஊஞ்சலை நிறுத்திவிட்டார். அவர் ஊஞ்சலை நிறுத்தினால் அடுத்த ஒரு மணி நேரம் வகுப்பு என்பது தெருவுக்கே தெரியும். தமிழாசிரியருக்கு ஓய்வு கொடுத்தது அரசாங்கம் மட்டும்தான்.

"செல்வி, பாட்டியைச் சொல்ற ஆயா வேற. அது 'ஆய்'ங்கிற நம்ம சொல்லுல இருந்து வந்தது, தாய்னு அர்த்தம். உன் ஆயா போர்த்துகீசியர் விட்டுட்டுப் போனது. 1658-ல டச்சுக்காரன் பிடுங்குற வரைக்கும் நாகப்பட்டினம் அவங்க கையிலதானே இருந்துச்சு? பிள்ளை வளர்க்கிற பெண்ணுக்கு அவங்க பாஷையில..." கண்ணை மூடி அனுபவித்து உச்சரித்தார். "ஐ...யா."

கூட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப இத்தனை வருஷமா உங்களை நான் என்னன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்?"

பெரியம்மா அடுப்படிக்குள் ஓடினார். உள்ளேயிருந்து குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம். குக்கர் அடுப்பில் வைக்கவே இல்லை.

பெரியப்பாவா அசருவார்? வீட்டைச் சுற்றிக் காட்டக் கிளம்பிவிட்டார். சாவி அவர்கள் கொடுத்த சொல். ஜன்னல், அலமாரி, மேசை, மொட்டைமாடியில் கிடக்கிற பீப்பாய் வரைக்கும் அவர்களுடையது. போன வேகத்துக்கு வீட்டுப் பத்திரத்தையும் அவர்கள் பேரில் எழுதிவிடுவாரோ என்று எனக்குப் பயம். மேசைக்கு ஒரு கால் ரொம்ப நாளாக ஆடுகிறது, அதையும் அவர்களிடமே சொல்லியிருக்கலாம்.

"சரிங்கய்யா" என்ற அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "பத்துப்பாத்திரம் தேய்க்கணும்னுதானே என்னை வச்சீங்க? நேத்து எண்ணினேன், முப்பத்தி நாலு. இதுவும் போர்த்துகீசுக் கணக்கா?"

"சேச்சே, இது சுத்தத் தமிழ். பத்து இல்லம்மா, பற்று. சோறும் குழம்பும் பற்றிக்கிட்டு இருக்கிற பாத்திரம்."

"பற்று புரியுதுங்க. வரவு எப்ப?"

ஊஞ்சல் மறுபடி ஆடத் தொடங்கியது. பெரியம்மா வெளியே வந்து, இந்த மாதத்திலிருந்து ஐந்நூறு கூட என்றார். பெரியப்பாவின் பென்ஷனிலிருந்து என்பதையும் சேர்த்தே சொன்னார்.

பள்ளிக்கூடத்துப் பிரச்சினையை அக்காவே தீர்த்துக்கொண்டார். எல்கேஜிப் பிள்ளைகளுக்கு அவர் இப்போது அத்தை. பள்ளி விடுகிற நேரத்தில் அந்த வாசலில் "அத்தை டாட்டா, அத்தை டாட்டா" என்று ஒரே கூச்சல். அவர் முந்தானையை விடமாட்டேன் என்று ஒன்றிரண்டு வாண்டுகள் அழுகை வேறு. ஒரு குட்டி வீட்டுக்குப் போய் "அத்தைதான் ஊட்டிவிட்டாங்க" என்று சொல்ல, எந்த அத்தை, எப்போது ஊருக்கு வந்தாள், வந்தவள் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று ராத்திரியே மாமியார் வரைக்கும் போன் போயிருக்கிறது.