பின்வளவில் ஒரு பூனைக்கு இரண்டடி மண்

மனிசர் செத்தால் என்ன செய்வது என்று யாழ்ப்பாணத்தில் எவரும் எவரையும் கேட்கத் தேவையில்லை. காடாத்து, எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி என்று நாள் வாரியாக வேலை வரிசையில் நிற்கும். பாதித் துக்கம் அந்த வேலையிலேயே கரைந்துபோகும். பூனைக்கு அப்படி எதையும் வகுத்து வைக்கவில்லை. 12 வருஷம் குசினி வாசலில் சுருண்டு கிடந்தது ஒருநாள் விடிய எழும்பாவிட்டால், வீடே ஆளையாள் பார்த்துக்கொண்டு நிற்கும். கடைசியில் ஆரோ ஒருவர் உரப்பையில் கட்டிக்கொண்டுபோய்ச் சந்திக் குப்பையோடு வைத்துவிட்டு வருவார். அது வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உயிர் போய்விட்டதா என்று சரியாகப் பார்க்க வேண்டும். இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், நெஞ்சில் இரண்டு விரல் வைத்து முழுதாக ஒரு நிமிஷம் பொறுத்திருங்கள். பஞ்சு நுனியால் கண்மணியைத் தொட்டாலும் இமைக்கக் கூடாது. போன பிறகும் தசை துடிக்கும், ஒரு மூச்சு இழுத்ததுபோலக்கூட இருக்கும். இதயத் துடிப்பு நின்றுவிட்டதென்றால் அதை உயிர் என்று எண்ணி ஏங்க வேண்டாம்.

பிறகு நேரத்தோடு போட்டி. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் உடல் விறைக்கத் தொடங்கும், எங்கள் வெக்கைக்கு இன்னும் முந்தும். அதற்குள் அது வழமையாக உறங்குகிற மாதிரி முன்னங்காலை மடக்கி, வாலை மூக்கடிக்குச் சுற்றி வைத்துவிடுங்கள். இதில் அழகு மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. சுருண்ட பூனைக்கு 2 அடிக்கு ஒன்றரை அடிக் குழி போதும். நீட்டி விறைத்ததற்கு மூன்றடிக்கு மேல் வேண்டும். கண்ணை மூடிவிட்டாலும் திரும்பத் திறக்கும். பூனைக் கண் அப்படித்தான், வேதனைப்பட்டுப் போனதென்று அர்த்தமில்லை. மூத்திரமும் மலமும் கசியும், ஆகையால் பின்பக்கத்துக்குப் பழைய பேப்பரை நாலாக மடித்து வையுங்கள். கொஞ்ச மயிர் எடுத்து வைக்க விருப்பமென்றால் இப்போதே கழுத்தடியில் வெட்டி, கடுதாசி உறையில் போடுங்கள். பொலித்தீனில் வைத்தால் ஈரம் அடைத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு நிலைமையில் மட்டும் மண்வெட்டியைத் தொடக்கூடாது. சாவதற்கு முந்திய நாட்களில் பூனை காரணமில்லாமல் பாய்ந்து கடித்திருந்தால், வாய்நீர் வழிந்திருந்தால், பின்கால் இழுபட்டிருந்தால் விசர்நோய் என்று சந்தேகிக்க வேண்டும். கடியோ கீறலோ பட்டவர் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உடலை வெறுங்கையால் தொடாமல் ஐஸ் போட்டு வைத்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். பரிசோதனைக்குத் தலை தேவைப்படும். புதைத்த பிறகு தோண்டினால் பழுதாகிப்போன மூளையில் ஒன்றும் தெரியாது.

இனி இடம். இதில்தான் யாழ்ப்பாணம் மற்ற ஊர் மாதிரி இல்லை. எங்களுக்கு வருஷம் முழுக்க ஓடுகிற ஆறில்லை, குடிப்பதும் குளிப்பதும் கிணறு. கீழே இருப்பது சுண்ணக்கல். மணலில் தண்ணீர் வடிபட்டு மெல்ல இறங்கும். சுண்ணக்கல்லில் வெடிப்பும் குகையுமாக இருப்பதால் வடிபடாமலே ஓடிப்போகும். சுண்ணக்கல்லில் தானாக அமைந்த நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. குடிதண்ணீர்க் கிணற்றுக்கு 50 மீற்றர் தள்ளிப் புதைப்பது நல்லது என்பார்கள். 2 பரப்புக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 74 அடி. 50 மீற்றர் என்பது 164 அடி. உங்கள் கிணற்றை விட்டு ஒதுங்கினால் வேலிக்கு அங்கால் இருக்கிறவரின் கிணற்றில் போய் முட்டும். உள்ளதைச் சொன்னால், நாலு கிலோப் பூனையைவிட அதே வளவிலுள்ள மலசலகூடக் குழி தண்ணீருக்குப் பெரிய தொல்லை. அதற்காகக் கிணத்தடியில் புதைக்க முடியாது. சொந்தத்தில் ஒரு பனங்கூடலோ கிணறு இல்லாத தோட்டக் காணியோ இருந்தால் அங்கே கொண்டுபோவதே சரி. இல்லாவிட்டால் இரண்டு கிணற்றுக்கும் ஆகத் தூரமான மூலையில், மேட்டில்.

வெட்ட முந்தி அலவாங்கால் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கச் செம்மண்ணில் இலகுவாக இறங்கும். கீரிமலைப் பக்கம் ஒரு அடியில் "டங்" என்று கல் சொல்லும். கல்லின் மேல்முகம் ஒரே மட்டமாக இருப்பதில்லை. இரண்டடி தள்ளிக் குத்தினால் மண் நிறைந்த குழிவு அகப்படக்கூடும். கல்லை உடைத்து இறங்குவது மட்டும் வேண்டாம், வெடிப்பை நீங்களே திறந்து கொடுத்தமாதிரி ஆகிவிடும். ஒரு இடமும் வாய்க்காவிட்டால் கிடைத்த ஆழத்தில் வைத்து, வேறிடத்து மண்ணைக் கொண்டுவந்து மேலே கும்பி கட்டுங்கள்.

ஆழத்தைக் குழியை அளந்து சொல்லாமல் பூனைக்கு மேலே வரும் மண்ணை அளந்து சொல்ல வேண்டும். செம்மண்ணில் 2 அடி, தென்மராட்சி மாதிரி மணலில் 3 அடி. ஒன்றரை அடியோடு நிறுத்தினால் மூன்றாம் நாள் இரவு தெருநாய் வேலையை முடித்துவிடும். மாரியில் குழியின் அடியில் தண்ணீர் ஊறினால் அந்தக் குழியை மூடிவிட்டு மேடான இடம் பாருங்கள். தண்ணீருக்குள் வைத்த உடல் ஊதி, இளகின மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும்.

சுற்றுவதற்குப் பழைய பருத்திச் சாறமோ வேட்டியோ நல்லது, பனையோலைப் பாயும் நல்லது. நைலோன் போர்வை உக்காது. பொலித்தீன் பை அதைவிட மோசம், காற்றில்லாமல் உள்ளேயே அழுகிக் கிடக்கும். கழுத்துப் பட்டியையும் மணியையும் கழற்றி எடுத்துவிடுங்கள். சுண்ணாம்பு நீறு போட்டால் கெதியாக உக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நடப்பது மறுவளம். மணத்தைக் கொஞ்சம் அடக்கும், ஆனால் உக்குவதைத் தாமதப்படுத்தும். உப்பும் அப்படியே, உப்புப் போட்டுக் கருவாடு செய்கிற ஊர்க்காரருக்கு இது தெரியாததா? போதாக்குறைக்கு அந்த இடத்தில் பிறகு பூமரமும் வராது.

வைத்தியர் ஊசி போட்டு உறங்க வைத்த பூனையென்றால் ஆழத்தில் ஒரு விரலளவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அந்த மருந்து உடலில் நெடுநாள் தங்கும், தோண்டித் தின்ற நாயும் சாகக்கூடும்.

மண்ணை அரை அடிக்கு ஒருதரம் காலால் மிதித்து இறுக்கி, நில மட்டத்துக்கு மேல் அரை அடி கும்பியாக விடுங்கள். அதன் மேல் கருக்கு மட்டை நாலைந்தைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இரண்டு கல்லைத் தூக்கி வைத்தால் நாய் மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். முள்ளுக்கம்பி தேவையில்லை. செவ்வரத்தையோ நந்தியாவட்டையோ வைக்க ஆசைப்பட்டால் கும்பியின் நடுவில் நடாமல் ஒரு அடி தள்ளி நடுங்கள். உக்குகிற உடலுக்கு நேர் மேலே இளம் வேர் கருகும்.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் மூடுவதற்கு முந்தி ஒருக்கால் மணக்க விடுங்கள், தொற்றுநோயில் போனதென்றால் வேண்டாம். அது இரண்டு நாளாகச் சூடை மீனைக்கூடத் தொடாமல் கிடந்தால் "துக்கம், தானாக மாறும்" என்று விடக்கூடாது. சாப்பிடாத பூனைக்கு, அதிலும் கொழுத்ததற்கு, ஈரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். வைத்தியரிடம் காட்டுங்கள். வயிற்றோட்டமும் சத்தியுமாகப் பூனைப் பார்வோவில் போனதென்றால் அந்தக் கிருமி வீட்டில் ஒரு வருஷம்வரை கிடக்கும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 30 மில்லிலீற்றர் பிளீச் கலந்து, கோப்பையையும் சீமெந்துத் தரையையும் 10 நிமிஷம் ஊறவிட்டுக் கழுவுங்கள். டெட்டோல் பாவிக்க வேண்டாம், அது பூனைக்கு நஞ்சு. தடுப்பூசி போடாத குட்டியை ஆறுதலுக்கென்று உடனே கொண்டுவந்து விடவும் வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளிடம் "நித்திரை கொள்ளுது" என்று சொல்லி வைக்காதீர்கள். பிறகு தாங்கள் நித்திரைக்குப் போகப் பயப்படுவார்கள். செத்துப்போச்சு என்றே சொல்லி, மண் போடும்போது ஒரு பிடி போட விடுங்கள்.

முதல் மழைக்குக் கும்பி ஒரு சாண் தாழும். பயப்பட ஒன்றுமில்லை, அது உள்ளே நடக்க வேண்டியது நடக்கிறதென்ற அடையாளம். கல்லை எடுத்து வைத்துவிட்டு ஒரு கடகம் மண் கொட்டி மிதித்து, திரும்ப வையுங்கள். தை மாசத்தளவில் இன்னொருதரம் பார்க்க வேண்டியிருக்கும்.